பந்தியும் பதவியும்: நாட்டுப் பண்பாடுகளும் தொழில் நிர்வாகமும்

சென்ற பொங்கலுக்கு என் தம்பி மகள் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். குருகிராமில் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "பெரியப்பா, வெளிநாட்டுக்காரங்களோட எப்படிப் பழகணும்னு ஆபீஸ்ல ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தாங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் மார்க் போட்டு வெச்சிருக்காங்க. இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40. நமக்குத்தான் ஜாஸ்தி. இது பாஸா, ஃபெயிலா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பதில் உடனே வரவில்லை. அந்த 77 என்ற எண்ணை நான் புத்தகத்தில் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொழிற்சாலைத் தளத்தில் பார்த்தவன். 1979-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தலைநகர் வந்து இறங்கி, 2012-ல் ஓய்வு பெறும்வரை ஹரியானாவின் உதிரிபாகத் தொழிற்சாலைகளிலேயே காலத்தை ஓட்டியவன் நான். நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அவளுக்குச் சொன்ன பதிலையே சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று ஏதாவதொரு வெளிநாட்டு நிறுவனத்தில்தானே இருக்கிறார்கள்!

மதிப்பெண் போட்டவர் யார்?

ஹீர்ட் ஹாப்ஸ்டெட் என்பவர் நெதர்லாந்து நாட்டுக்காரர். 1928-ல் பிறந்து 2020-ல் மறைந்தவர். அடிப்படையில் அவர் ஓர் இயந்திரப் பொறியாளர். படித்து முடித்தபின் சில காலம் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகவும் வேலை செய்து பார்த்தவர். பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவில் பணியாளர் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐ.பி.எம். தன் ஊழியர்களிடம் ஒரு பெரிய கருத்துக் கணிப்பு நடத்தியது. 72 நாடுகள், 20 மொழிகள், 1,16,000-க்கும் மேற்பட்ட வினாத்தாள்கள். எல்லோரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள், ஒத்த வேலை செய்பவர்கள். அப்படியிருந்தும் பதில்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. அந்த வேறுபாட்டை வகைப்படுத்தி ஹாப்ஸ்டெட் 1980-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஐ.பி.எம். என்ற பெயரை மறைத்து 'ஹெர்மிஸ்' என்று புனைபெயர் வைத்திருந்தார் என்பது சுவையான செய்தி.

நான்கு அளவுகோல்களை அவர் வகுத்தார். முதலாவது அதிகார இடைவெளி. மேலே இருப்பவர் மேலேதான் இருப்பார், நாம் கீழேதான் என்பதைக் கீழே இருப்பவர்களே எந்த அளவுக்கு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அளப்பது அது. இரண்டாவது, தான் என்ற நினைப்பு முந்துகிறதா, நாம் என்ற நினைப்பு முந்துகிறதா என்பது. மூன்றாவது, நிச்சயமில்லாத நிலையைக் கண்டு எவ்வளவு பதறுகிறார்கள், அதைத் தவிர்க்க எவ்வளவு விதிமுறை தேடுகிறார்கள் என்பது. நான்காவது, போட்டியும் வெற்றியும் பெரிதா, இணக்கமும் பராமரிப்பும் பெரிதா என்பது. பின்னாளில் கிழக்காசிய நாடுகளை முன்வைத்து, நீண்டகால நோக்கு என்று ஐந்தாவது அளவுகோலும் சேர்ந்தது.

என் தம்பி மகள் சொன்ன 77 இதில் முதலாவது. ஆஸ்திரியாவுக்கு 11, ஜெர்மனிக்கு 35, அமெரிக்காவுக்கு 40, ஜப்பானுக்கு 54, நமக்கு 77, மலேசியாவுக்கு 104. நூற்றுக்கு மேல் போகிறதே என்று பார்க்காதீர்கள். இது பரீட்சை மதிப்பெண் அல்ல, நாடுகளை வரிசைப்படுத்தும் குறியீட்டெண். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. மூன்றாவது அளவுகோலில் ஜப்பானுக்கு 92, நமக்கு 40. அதாவது ஜப்பானியர் எழுதி வைத்த முறைப்படிதான் நடப்பார்கள். நாமோ "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லியே காலம் தள்ளிவிடுவோம்.

நாற்பது அடியும் மூன்று நாளும்

எண்களை விட்டுவிட்டு என் கதைக்கு வருகிறேன். 1986 என்று நினைவு. அப்போது நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எங்கள் ஆலை ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் நாங்கள் அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அளவு பிசகு. விசாரித்ததில், அளவு பார்க்கும் கேஜ் தேய்ந்து போயிருந்தது தெரிந்தது.

யார் குற்றவாளி என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். வந்திருந்த ஜப்பானியப் பொறியாளர் அதைக் கேட்கவே இல்லை. "இது முதலில் எப்போது தெரிந்தது?" என்று மட்டும் கேட்டார். லேத் ஓட்டியவர் ஹரியானாக் கிராமத்துக்காரர். தயங்கித் தயங்கி, செவ்வாய்க்கிழமையே சந்தேகம் வந்தது, மேஸ்திரியிடம் சொன்னேன் என்றார். மேஸ்திரி சூபர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். சூபர்வைசர், "பெரிய சாப் கிட்ட இதை யார் போய்ச் சொல்றது?" என்று விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை, சரக்கு திரும்பிய பிறகு.

அந்த ஜப்பானியர் லேத்திலிருந்து என் அறை வரை நடந்து பார்த்தார். நாற்பது அடி இருக்கும். "நாற்பது அடி வர மூன்று நாளா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு வெளியே ஒரு பியூன், கதவின் மேல் ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது. அந்த விளக்கைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியவனே நான்தான்.

அதிகார இடைவெளி என்றால் என்னவென்று பின்னாளில் ஹாப்ஸ்டெட்டைப் படித்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாற்பது அடி, மூன்று நாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதம் அதிகாரிகளுக்கென்று இருந்த தனிச் சாப்பாட்டு அறையை மூட முடிவாயிற்று. எதிர்த்தவர்களில் நான் முதல் ஆள். "நான் சுத்த சைவம் சார், தயிர் சாதம் கொண்டுவர்றவன், எனக்கு அங்கே சரிப்படாது" என்றேன். அது பொய். தொழிலாளர் கேன்டீனில் பாதிப் பேர் சைவம்தான். என் பதவிக்குக் குறைச்சல் என்று நினைத்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் நாள் நான் போய் உட்கார்ந்ததும் அந்த லேத் தொழிலாளி தட்டோடு எழுந்து நின்றார். அவர் எழுந்திருக்காமல் சாப்பிடப் பல மாதங்கள் ஆயின. ஆனால் அதன்பிறகு எந்தப் பிசகும் மூன்று நாள் காத்திருக்கவில்லை.

மாருதியில் நடந்தது

எங்கள் சின்ன ஆலையில் நடந்தது தனிக் கதை அல்ல. பக்கத்திலேயே குர்கானில் மிகப் பெரிய அளவில் அந்தச் சோதனை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1971-ல் ஆரம்பித்த மாருதி லிமிடெட் மக்கள் காரைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாமலே படுத்துவிட்டது. 1980-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டது. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்ற அரசு நிறுவனம் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பும் பொறுப்பு வி. கிருஷ்ணமூர்த்தியிடம் வந்தது. தஞ்சை மண்ணில் 1925-ல் பிறந்து, 'பெல்' நிறுவனத்தின் தலைவராக இருந்து பெயர் எடுத்தவர். 2022-ல் காலமானார். அவரோடு தொடக்கத்திலேயே சேர்ந்தவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆர்.சி. பார்கவா.

1982 அக்டோபர் 2 அன்று ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது சுசுகிக்கு 26 சதவீதப் பங்குதான். அதன் தலைவர் ஒசாமு சுசுகி. மட்சுதா என்ற குடும்பத்தில் பிறந்து, சுசுகி வீட்டுப் பெண்ணை மணந்து, அந்தக் குடும்பத்தின் பெயரையே ஏற்றுக்கொண்டவர். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் கேலி பேசுவார்கள். ஜப்பானில் தொழில் வாரிசை அப்படித் தேர்ந்தெடுப்பது மரியாதைக்குரிய பழைய வழக்கம். பண்பாட்டு வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 2024 டிசம்பரில் தமது 94-வது வயதில் அவர் மறைந்தபோது, இந்தியத் தொழில் உலகமே இரங்கல் தெரிவித்தது.

சுசுகி கொண்டுவந்தது காரின் வரைபடத்தை மட்டுமல்ல. தலைமை அதிகாரி முதல் கடைநிலைத் தொழிலாளி வரை ஒரே சீருடை. ஒரே கேன்டீன், ஒரே வரிசை. தனித்தனி அறைகள் இல்லாமல் திறந்த கூடமாக அலுவலகம். காலையில் உடற்பயிற்சி. குறித்த நேரத்துக்கு வேலை தொடங்குவது. அந்தக் காலத்து அரசு நிறுவனப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நாற்காலியின் முதுகில் துண்டு, மேஜையில் மணி, பதவிக்குத் தக்க அளவில் கம்பளம்! அதிலிருந்து வந்த அதிகாரிகள் முதலில் முகம் சுளித்ததில் ஆச்சரியம் இல்லை. 'இது ஜப்பானுக்குச் சரி, இந்தியாவுக்கு ஒத்துவராது' என்ற பேச்சு எங்கள் வட்டாரம் முழுக்க இருந்தது. நானும் பேசியிருக்கிறேன்.

ஒத்துவந்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பதினான்கு மாதங்கள்கூட முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில் இது எத்தனை பெரிய செய்தி என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அதிகார இடைவெளி 77 உள்ள நாட்டிலேதான் இது நடந்தது.

பிறவிக் குணமா, பழகிய குணமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சமத்துவமும் தரமும் ஜப்பானியரின் இரத்தத்தில் ஊறியவையா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

போருக்குப் பிந்திய ஜப்பானில் தொழிலாளர் போராட்டங்கள் கொழுந்துவிட்டு எரிந்தன. 1950-ல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, நிறுவனத்தை உருவாக்கிய கிஈச்சிரோ டொயோடா பதவி விலக நேர்ந்தது. 1953-ல் நிஸ்ஸானில் மாதக்கணக்கில் போராட்டம். 1960-ல் மீக்கே நிலக்கரிச் சுரங்கப் போராட்டம் நாட்டையே உலுக்கியது. முதலாளியும் தொழிலாளியும் ஒரு குடும்பம் என்று நாம் வியக்கிற அந்த ஏற்பாடு, இத்தனை மோதலுக்கும் பேரத்துக்கும் பிறகு உறுதிப்பட்டது.

தரம் என்பதும் அப்படித்தான். 1950-ல் ஜப்பானுக்குச் சென்று புள்ளியியல் முறையில் தரக்கட்டுப்பாடு கற்பித்தவர் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங். அவர் பெயரால் 1951 முதல் அங்கே பரிசு வழங்குகிறார்கள். அமெரிக்கர் சொன்னதை அமெரிக்கா அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஜப்பான் போட்டுக்கொண்டது. அந்த டெமிங் பரிசை 1998-ல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியது நம்மவர்களுக்குப் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் முளைத்து ஜப்பானில் வளர்ந்த செடி பாடியிலும் காய்த்தது.

கலிபோர்னியாவில் இன்னொரு சான்று உண்டு. ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, சண்டைக்கும் வேலைக்கு வராமைக்கும் பேர்போனது. வேலைக்கு வராதவர் விகிதம் 20 சதவீதத்தையும் தாண்டும். 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையை மறுபடி திறந்தன. பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். அவர்களில் நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். குறை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தும் அதிகாரத்தைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறையும் இல்லை, கார் நிறுத்தத் தனி இடமும் இல்லை. வராதோர் விகிதம் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. காரின் தரம் அமெரிக்காவிலேயே முன்வரிசைக்கு வந்தது. ஆட்களின் தேசம் மாறவில்லை, நடத்திய விதம் மாறியது. அந்தக் கூட்டு ஆலை 2010 வரை நடந்தது.

எதிர்மாறான உதாரணமும் சொல்ல வேண்டும். 1998-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்சும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் சமமானவர்களின் இணைப்பு என்று அறிவித்துக் கை கோத்தன. முடிவெடுக்கும் முறை, சம்பள வித்தியாசம், பேசும் முறை என்று எதிலும் ஒட்டவில்லை. கடைசியில் சமம் என்ற பேச்சே காற்றில் போயிற்று. 2007-ல் கிரைஸ்லரை விற்றுவிட்டார்கள். இரண்டு நாடுகளும் ஹாப்ஸ்டெட்டின் அதிகார இடைவெளிப் பட்டியலில் அருகருகே நிற்பவை, 35-ம் 40-ம். எண்கள் நெருங்கியிருந்தால் மட்டும் மனங்கள் நெருங்கிவிடுவதில்லை.

ஒரே நிறுவனத்து ஊழியர்களைக் கேட்டுவிட்டு ஒரு தேசத்தையே அளக்கலாமா என்று ஹாப்ஸ்டெட்டைக் கேள்வி கேட்ட அறிஞர்கள் உண்டு. பிரண்டன் மெக்ஸ்வீனி 2002-ல் எழுதிய விமர்சனம் பிரபலமானது. தம் எண்கள் நாட்டுச் சராசரியே தவிர, எந்தத் தனி மனிதரையும் எடைபோடும் தராசு அல்ல என்று ஹாப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையைத்தான் வகுப்பு எடுப்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பந்தி வஞ்சனை

இதுவரை சொன்னதைப் படித்தால், ஒரே உடை, ஒரே கேன்டீன் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றும். அப்படி முடித்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

மாருதியில் சுசுகியின் பங்கு படிப்படியாக உயர்ந்தது. 2002-ல் நிர்வாகம் சுசுகியின் கைக்கு வந்தது. 2007-ல் அரசு முழுவதும் விலகி, நிறுவனம் மாருதி சுசுகி இந்தியா என்று பெயர் மாறியது. இடையே 2000-01-ல் குர்கான் ஆலையில் ஊக்கத்தொகை குறித்து மூன்று மாதம் நீடித்த தகராறு. பிறகு மானேசரில் புதிய ஆலை. அங்கே 2011 ஜூனில் தனிச் சங்கம் வேண்டும் என்று 13 நாள் வேலைநிறுத்தம். அது அடங்கி மீண்டும் மீண்டும் வெடித்தது. 2012 ஜூலை 18 அன்று வன்முறையும் தீவைப்பும் நடந்து, மனிதவளத் துறைப் பொது மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ நூறு பேர் காயமடைந்தனர். ஆலை ஒரு மாதம் மூடப்பட்டது. 2017 மார்ச்சில் நீதிமன்றம் 31 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 117 பேர் விடுவிக்கப்பட்டனர். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டவர்கள்.

ஓர் உயிரைப் பறித்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய மனக்கசப்பின் காரணங்களை வரலாறு எழுதுகிறவன் விட்டுவிடக் கூடாது. தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை ஒன்று உண்டு. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி வேலை செய்கிறார்கள், சம்பளம் மட்டும் வேறு வேறு என்பதே அது. அந்த ஆகஸ்டில், ஒப்பந்ததாரர் வழியே ஆள் எடுக்கும் முறையைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது.

நம் தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் உட்காரவைத்துவிட்டு, ஒருவர் இலைக்கு நெய்யும் அடுத்தவர் இலைக்கு நீர்மோரும் விடுவது. தனி அறையில் தனியாகச் சாப்பிடும் அதிகாரியைப் பார்த்துக்கூட மனிதன் பொறுத்துக்கொள்கிறான். பக்கத்து இலையில் வித்தியாசம் பார்த்தால் பொறுக்க மாட்டான். சமபந்தி என்று சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் வஞ்சனை இருந்தால் வலி இரண்டு மடங்கு.

இதற்குப் பிறகும் சிலர், 'ஹரியானா ஆட்கள் முரடர்கள்' என்றும் 'ஜப்பானியர்களுக்கு நம் ஆட்களின் மனசு புரியவில்லை' என்றும் பேசக் கேட்டிருக்கிறேன். மாநிலத்தையும் தேசத்தையும் குற்றம் சொல்வது சுலபம். என் சிவப்பு விளக்கை 'இந்தியப் பண்பாடு' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த விளக்கைப் பண்பாடு வந்து மாட்டவில்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நான் மாட்டச் சொன்னேன்.

என் தம்பி மகளுக்கு அன்று சொன்னது இதுதான். "77-ங்கிறது நம்ம தலையெழுத்து இல்லம்மா. நேற்று வரைக்கும் எப்படி நடந்தோம்னு சொல்ற கணக்கு. உன் கீழே வேலை பார்க்கிற பையன், தப்பு நடந்தா உன்கிட்ட எத்தனை நேரத்துல வந்து சொல்றான்னு பாரு. அதுதான் உன் மார்க்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க ஆபீஸ்ல கதவே கிடையாது பெரியப்பா, எல்லாம் ஓப்பன் ஹால்தான்" என்றாள். பிறகு அவளே, "ஆனா ஹவுஸ் கீப்பிங் அக்காங்க மட்டும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவாங்க" என்றாள்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம், மூன்று நான்கு மொழி பேசி, பல ஊர்க்காரர்களோடு தினமும் பழகுகிறவர்கள். அடுத்தவர் பண்பாட்டைப் படிக்க நமக்கு வகுப்பு அவ்வளவாகத் தேவையில்லை. சங்க விழாவில் பந்தி பரிமாறும்போது இலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்போமே, அந்தப் பார்வையை அலுவலகத்துக்கும் கொண்டுபோனால் போதும். பொங்கல் கழிந்த அடுத்த வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. மாடிப்படிக்குக் கீழே சாப்பிடுகிறவர்களைப் பற்றி மேலதிகாரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாளாம். பதில் இன்னும் வரவில்லை.